காட்டில் விட்டுவைத்த உடைமை: வேட்டைக் குத்தகை நிலங்களில் திருட்டும் அதை எதிர்கொள்ளும் வழிகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வேட்டை என்பது உரிமம் பெற்று, அரசு குறித்த பருவத்தில், அரசு வகுத்த எண்ணிக்கைக்கு மிகாமல் செய்யப்படும் சட்டப்படியான ஒரு பழக்கம்; 2022-ஆம் ஆண்டுக்கான அந்நாட்டு அரசின் தேசியக் கணக்கெடுப்பின்படி, பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் பேர் அவ்வாண்டில் வேட்டையில் ஈடுபட்டனர். இவர்களில் பெரும் எண்ணிக்கையினர் தமக்குச் சொந்தமல்லாத நிலத்தில், உரிமையாளருக்குப் பணம் கொடுத்துக் குத்தகை பெற்று வேட்டையாடுகிறவர்கள். அந்நிலத்தில் அவர்கள் நிறுவிவிட்டுச் செல்லும் பரண், கேமரா, தீவனக் கருவி, வண்டி முதலியவை மாதக்கணக்கில் ஆளில்லாத வெளியில் கிடப்பதால், அவை திருடுபோவது அந்நாட்டு ஊர்ப்புறங்களில் ஓயாத குறையாக இருந்துவருகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடைசெய்யப்பட்ட இந்தியாவில் இத்தகைய குத்தகைக்கு இடமில்லை. ஆயினும், பிறர் நிலத்தில் தன் உடைமையை வைத்திருப்பவர் அதை எவ்வாறு காப்பது, இழந்தால் எவ்வாறு மீட்பது, கோபம் அவரை எந்தத் தவறுக்கு இட்டுச்செல்லக்கூடும் ஆகிய கேள்விகள் எந்த நாட்டிலும் எழக்கூடியவை என்பதால், இந்தப் பொருளைப் பொதுவாசகரும் அறிந்துகொள்வது பயன் தரும்.

குத்தகை ஏன் தேவைப்படுகிறது

அமெரிக்கச் சட்ட மரபில் காட்டு விலங்கு எவருடைய தனிச்சொத்தும் அன்று. அது மக்கள் சார்பில் மாநில அரசின் பொறுப்பில் இருப்பதாகக் கருதப்படுகிறது. ஆனால் அந்த விலங்கு நடமாடும் நிலம் தனியாருடையதாக இருக்கலாம். எனவே வேட்டையாட விரும்புகிறவருக்கு இரண்டு அனுமதிகள் தேவைப்படுகின்றன. விலங்கை வீழ்த்துவதற்கான உரிமத்தை மாநில அரசும், நிலத்துக்குள் கால்வைப்பதற்கான இசைவை நில உரிமையாளரும் தர வேண்டும். மேற்கு மாநிலங்களில் கூட்டாட்சி அரசின் பரந்த பொது நிலங்கள் உள்ளன. டெக்சாஸ் மாநிலத்திலோ நிலத்தில் தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேற்பட்டது தனியாருடையதாக இருப்பதால், வேட்டைக் குத்தகை அங்கு ஊர்ப்புறப் பொருளாதாரத்தின் ஓர் அங்கமாகவே வளர்ந்துவிட்டது. பணம் பெற்றுக்கொண்டு வேட்டைக்கு நிலம் விடும் உரிமையாளர், டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையிடம் அதற்கெனத் தனி உரிமம் பெற வேண்டும் என்ற விதியும் அங்கு உண்டு.

தெற்கு, தென்கிழக்கு மாநிலங்களில் இம்முறை வேறொரு வடிவம் கொள்கிறது. வேயர்ஹாசர், ரேயோனியர் போன்ற மரத்தோட்ட நிறுவனங்கள் தம் பைன் காடுகளை வேட்டைக் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. உறுப்பினர்கள் சந்தா செலுத்திச் சேரும் இக்குழுக்கள், தமக்குள் விதிகள் வகுத்துக்கொண்டு நிலத்தைப் பகிர்ந்து பயன்படுத்துகின்றன. எந்த வடிவத்தில் இருந்தாலும், வேட்டைக் குத்தகை பெரும்பாலும் நிலத்தின் முழு உடைமையை அளிப்பதில்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்காக உள்ளே வந்துபோகும் உரிமையை மட்டுமே அளிக்கிறது. அதே நிலத்தில் கால்நடை மேய்ச்சலுக்கு வேறொருவர் குத்தகை பெற்றிருக்கலாம். எண்ணெய்க் கிணற்றைப் பார்வையிட ஒரு நிறுவனத்தின் பணியாளர்கள் நாள்தோறும் வந்துபோகலாம். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்கள் சில வாரம் முகாமிடலாம். இத்தனை பேர் உரிமையோடு நுழையும் இடத்தில் அந்நியர் எவர் என்று பிரித்தறிவது எளிதன்று. திருட்டைத் தடுப்பதிலும் துப்புத் துலக்குவதிலும் எழும் முதல் இடர்ப்பாடு இதுவே.

எவை திருடுபோகின்றன

டெக்சாஸில் வெண்வால் மானுக்கான பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமையில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. அதற்கான ஏற்பாடுகள் கோடையிலேயே தொடங்கிவிடுவதால், கருவிகள் ஆண்டின் பாதிக்கு மேல் காட்டிலேயே நிற்கின்றன. தினைப்புனக் காவலுக்குக் கட்டப்பட்ட பரணைப் போலவே மரத்தோடு பொருத்தப்படும் பரண் இவற்றில் முதன்மையானது. ஏணியோடு கூடியது, பட்டையால் மரத்தில் இறுக்கப்படுவது, நான்கு கால்களில் நிற்கும் பெட்டி போன்றது என இதில் பல வகைகள் உள்ளன. அடுத்தது மக்காச்சோளத்தைக் குறித்த நேரத்தில் சுற்றிலும் தூவும் தீவனக் கருவி. உயர்த்தி நிறுத்திய பீப்பாய், அதன் அடியில் சுழலும் தட்டு, மின்கலம், நேரங்காட்டி, சிறிய சூரிய மின்தகடு ஆகியவை சேர்ந்தது அது. விலங்குகளின் நடமாட்டத்தைப் பதிவுசெய்யும் தானியங்கி கேமராக்களும், கரடுமுரடான தடத்தில் செல்லும் நான்கு சக்கர வண்டிகளும், அவற்றை ஏற்றிவரும் இழுவை வண்டிகளும், தங்குமிடத்தில் வைக்கப்படும் மின்னாக்கிகளும், கவனக்குறைவால் விட்டுச்செல்லப்படும் துப்பாக்கிகளும் இப்பட்டியலில் அடங்கும்.

இவற்றுள் கேமராவும் மின்கலமும் ஒரு பைக்குள் அடங்கிவிடும். பரணை எடுத்துச்செல்ல இருவரும் ஒரு சரக்கு வண்டியும் போதும். விற்கும்போது கேள்வி எழாத பொருள்கள் இவை என்பதும், பல குத்தகைதாரர்கள் பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள நகரங்களில் வாழ்ந்து வாரக்கடைசியில் மட்டும் வந்துபோகிறார்கள் என்பதும் திருடுகிறவருக்குச் சாதகமாக அமைகின்றன. இழப்பு எப்போது நிகழ்ந்தது என்றே தெரியாமல், சில வாரம் கழித்துத்தான் அது கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்குள் தடயம் மழையில் கரைந்துவிடுகிறது, பொருளும் கைமாறிவிடுகிறது. பணமதிப்பைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இதில் உண்டு. பரணைக் கழற்ற முயன்று பாதியில் விட்டுச்சென்றிருந்தால், பட்டை அறுபட்டோ திருகு தளர்ந்தோ இருக்கும் அந்தப் பரணில், அடுத்த நாள் விடியுமுன் இருட்டில் ஏறுகிறவரின் உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே நிலத்தில் திருட்டு நடந்ததாகத் தெரிந்தவுடன், எஞ்சியுள்ள ஒவ்வொரு பரணையும் பகல் வெளிச்சத்தில் சோதித்த பின்னரே, உடலோடு பிணைக்கும் பாதுகாப்புக் கச்சையை அணிந்து ஏற வேண்டும்.

சட்டம் சொல்வது

இத்தகைய நிகழ்வில் பொதுவாக இரண்டு குற்றங்கள் சேர்ந்திருக்கின்றன: அத்துமீறி நுழைந்தது ஒன்று, எடுத்துச்சென்றது மற்றொன்று. அத்துமீறலை நிறுவுவதற்கு, நுழையக்கூடாது என்ற அறிவிப்பு நுழைந்தவருக்குக் கிடைத்திருந்தது என்பதைக் காட்ட வேண்டும். வேலியும் அறிவிப்புப் பலகையும் அதற்கான பழைய வழிகள். பலகைகள் பிய்த்தெறியப்படுவதால், மரத்திலோ கம்பத்திலோ ஊதா வண்ணக் கோடு தீட்டுவதையே சட்டப்படியான அறிவிப்பாகப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆர்கன்சாஸ் 1989-லும், மிசௌரி 1993-லும், டெக்சாஸ் 1997-லும் இதற்குச் சட்டம் இயற்றின. டெக்சாஸில் அந்தக் கோடு செங்குத்தாக, குறைந்தது 8 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் உடையதாக, அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். காட்டு நிலத்தில் 100 அடிக்கு ஒன்றும், மற்ற நிலத்தில் 1,000 அடிக்கு ஒன்றுமாக, வருகிறவர் கண்ணில் எளிதில் படும் இடத்தில் அமைய வேண்டும். ஒரு டப்பா வண்ணத்தில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் விட்ட நிலத்தில், பிடிபட்டவர் எல்லை தெரியவில்லை என்று சொல்லித் தப்ப இடமுண்டு.

திருட்டைப் பொறுத்தவரை, டெக்சாஸ் தண்டனைச் சட்டம் பொருளின் மதிப்பைக் கொண்டு குற்றத்தைத் தரம்பிரிக்கிறது. மதிப்பு 100 டாலருக்குக் குறைவாக இருந்தால் அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க மிகச் சிறிய குற்றம். 100 முதல் 750 டாலருக்குள் இருந்தால் 180 நாள் வரையும், 750 முதல் 2,500 டாலருக்குள் இருந்தால் ஓராண்டு வரையும் சிறைக்கு இடமுண்டு. 2,500 டாலரை எட்டிவிட்டால் அது பெருங்குற்றமாகி, 180 நாள் முதல் இரண்டாண்டு வரை மாநிலச் சிறையில் அடைக்கத்தக்கதாகிறது. திருடப்பட்டது துப்பாக்கியாக இருந்தால், அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது பெருங்குற்றமே. பூட்டிய தங்குமிடத்தை உடைத்துப் புகுந்து எடுத்திருந்தால், கன்னமிடுதல் என்ற தனிக் குற்றமும் சேர்கிறது.

இதே சட்டத்தில் பலர் அறியாத ஒரு விதி உண்டு. ஒரே திட்டத்தின்படி, அல்லது தொடர்ச்சியான ஒரே நடவடிக்கையாக, பலரிடமிருந்து எடுக்கப்பட்டவற்றின் மதிப்பைக் கூட்டி ஒரே குற்றமாகக் கருதலாம் என்பதே அது. ஒருவரிடம் கேமராவும் அடுத்தவரிடம் மின்கலமும் மூன்றாமவரிடம் பரணுமாக ஒரு வட்டாரத்தையே சூறையாடியவர் மீது, தனித்தனியாகப் பார்த்தால் அபராதத்தோடு முடியக்கூடிய குற்றங்களைச் சேர்த்துப் பெருங்குற்ற வழக்குத் தொடர இவ்விதி வழிவிடுகிறது. ஆனால் சிறிய இழப்பைப் பெரிதாக எண்ணாமல் ஒவ்வொருவரும் புகார் தராமலேயே விட்டுவிட்டால், கூட்டுவதற்குக் கணக்கே இராது. நூறு டாலர் கேமராவுக்காகக் காவல் அலுவலகத்துக்கு நடப்பது வீண் வேலை என்ற எண்ணம், திருடுகிறவருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய பாதுகாப்பு.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

திருட்டை எதிர்கொள்ளும் முதல் கருவி எழுத்திலான குத்தகை ஒப்பந்தமே. வாய்மொழியாகக் கைகுலுக்கி முடித்துக்கொள்ளும் பழக்கம் ஊர்ப்புறங்களில் இன்னும் நீடிக்கிறது. நல்லுறவு இருக்கும்வரை அது போதுமானதாகத் தோன்றினாலும், குற்றமோ பிணக்கோ நேரும்போது எவருக்கு என்ன உரிமை என்று காட்ட அதில் எதுவும் இராது. நிலத்தின் எல்லை, குத்தகையின் தொடக்க நாளும் முடிவு நாளும், உறுப்பினர்களின் பெயர்கள், விருந்தினரை அழைத்துவர உரிமை உண்டா என்பது, அந்நிலத்தில் நுழையும் உரிமை வேறு எவருக்கெல்லாம் உள்ளது என்பது ஆகியவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். அத்துமீறி நுழைந்தவரை வெளியேறச் சொல்லவும், உரிமையாளர் சார்பில் புகார் அளிக்கவும் குத்தகைதாரருக்கு அதிகாரம் உண்டு என்ற வரியும் தேவை. இந்த ஒரு வரி இல்லாததால், தொலைவில் வாழும் நில உரிமையாளரைத் தேடிப்பிடித்து இசைவு பெறும்வரை நடவடிக்கை தள்ளிப்போகக்கூடும்.

குத்தகை முடிந்த பிறகு எஞ்சியிருக்கும் பொருள்களைப் பற்றிய விதி அதற்கு இணையாக முக்கியமானது. ஒரு குழு குத்தகையை இழந்து மற்றொரு குழு அதைப் பெறும்போது, பழைய குழுவின் பரண்கள் மரத்திலேயே நிற்பதும், புதியவர்கள் அவற்றைக் கைவிடப்பட்டவை என்று எண்ணிப் பயன்படுத்துவதும், முன்னவர் திரும்பிவந்து திருட்டு என்று குற்றஞ்சாட்டுவதும் வழக்கமாக எழும் தகராறு. இன்னொருவருக்குச் சொந்தமானது என்று அறிந்தே ஒரு பொருளைத் தனதாக்கிக்கொள்வது, அது தன் குத்தகை நிலத்தில் கிடந்தாலும் திருட்டாகக்கூடும். மறுபுறம், உரிமை பற்றிய உண்மையான ஐயம் இருந்தால் காவல் துறை அதை உரிமையியல் வழக்கு என்று கூறி ஒதுங்கிவிடலாம். குத்தகை முடிந்த எத்தனை நாளுக்குள், எடுத்துக்காட்டாக 30 நாளுக்குள், பொருள்களை அகற்ற வேண்டும், அகற்றாதவை யாரைச் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தால் இந்தத் தகராறு எழாது. புதிதாக வந்தவர் தெரியாத பொருள் எதையேனும் கண்டால், படமெடுத்து நில உரிமையாளருக்குத் தெரிவித்து, அதன் சொந்தக்காரருக்குத் தகவல் போகச் செய்வதே முறை.

முன்னெச்சரிக்கை

களவுபோன பொருளைக் காவல் துறையே கண்டெடுத்தாலும், அது இன்னாருடையது என்று காட்ட முடியாவிட்டால் உரியவரிடம் வந்துசேராது. ஆகையால் ஒவ்வொரு பொருளின் நிறுவனப் பெயர், மாதிரி, வரிசை எண், வாங்கிய நாள், விலை ஆகியவற்றை ஒரு பட்டியலில் எழுதி, ரசீதையும் பல கோணங்களில் எடுத்த படங்களையும் அதனோடு வீட்டில் வைத்திருக்க வேண்டும். பரண் போன்று வரிசை எண் இல்லாத பொருள்களில், வெளியே தெரியும் ஓரிடத்திலும் கழற்றினால் மட்டும் தெரியும் மற்றோர் இடத்திலும் அடையாளம் பொறித்துவைப்பது நல்லது. பொது நிலங்களில் நிறுத்தும் பரண்களில் உரியவரின் பெயரோ அடையாள எண்ணோ இருக்க வேண்டும் என்று மிசௌரி, மிச்சிகன் போன்ற மாநிலங்கள் விதித்துள்ளன. அந்தப் பழக்கத்தைக் குத்தகை நிலத்திலும் கடைப்பிடிக்க எந்தத் தடையும் இல்லை.

பூட்டு திருட்டை முற்றிலும் தடுப்பதில்லை. அதைத் தாமதப்படுத்துகிறது, ஓசைக்கும் கூடுதல் கருவிக்கும் தேவையை உண்டாக்குகிறது. பரணை மரத்தோடு பிணைக்க முறுக்குக் கம்பிவடப் பூட்டும், கேமராவுக்கு இரும்புப் பெட்டியும், இழுவை வண்டிக்குக் கொக்கிப் பூட்டும் பயன்படுகின்றன. இவற்றைவிடப் பயனுள்ளது, எடுத்துச்செல்லக்கூடியவற்றை எடுத்துச்சென்றுவிடுவது: ஏணிப் பரணின் அடிப்படிகளைக் கழற்றிவைப்பதும், பருவம் முடிந்ததும் கருவிகளை இறக்கிவிடுவதும், துப்பாக்கியை ஓரிரவுகூட ஆளில்லாத தங்குமிடத்தில் விடாதிருப்பதும் செலவில்லாத காப்புகள். நுழைவாயிலில் சங்கிலியின் கண்ணிகளைப் போலப் பல பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்து, கால்நடைக் குத்தகைதாரர், எண்ணெய் நிறுவனம், வேட்டைக் குழு ஆகியோர் தத்தம் பூட்டைத் திறந்து செல்லும் ஏற்பாடு டெக்சாஸில் பரவலாக உள்ளது. எண் பூட்டாக இருந்தால், குத்தகை ஆண்டு மாறும்போதும் உறுப்பினர் ஒருவர் விலகும்போதும் எண்ணை மாற்றியாக வேண்டும். பழைய எண்ணை அறிந்தவர் எத்தனை பேர் என்று எவராலும் சொல்ல முடியாத வாயில், பூட்டில்லாத வாயிலுக்குச் சமம்.

கேமராவைப் பொறுத்தவரை, திருடப்படும் பொருளாகவும் திருட்டுக்குச் சாட்சியாகவும் அது இருவேறு நிலையில் நிற்கிறது. விலங்கு தானே தன்னைப் படமெடுத்துக்கொள்ளுமாறு இடறுகம்பியையும் ஒளிப்பொறியையும் இணைக்கும் முறையை அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கையாண்டார். 1906 ஜூலை நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய இரவுப் படங்களை வெளியிட்டது. இன்றைய கருவி, உடல் வெப்பத்தோடு கூடிய அசைவை உணர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கிறது. 850 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் கேமராவில் மெல்லிய செம்புள்ளி தெரியும். 940 நானோமீட்டரில் ஒளிர்வதில் அதுவும் தெரியாது என்பதால், காவலுக்கு இரண்டாவது வகை ஏற்றது. கைப்பேசி வலைப்பின்னல் வழியே படத்தை உடனுக்குடன் அனுப்பும் கேமராவில் கூடுதலாக ஒரு நன்மை உண்டு: கருவியே களவுபோனாலும் களவாடியவரின் படம் உரியவரிடம் வந்துசேர்ந்துவிடும். தீவனக் கருவியருகே எளிதில் தெரியும் கேமரா ஒன்றும், அதைப் பார்த்தவாறு கைக்கெட்டாத உயரத்தில் கீழ்நோக்கிச் சாய்த்த மற்றொன்றும், வாயிலில் வண்டியின் பதிவெண் தெரியுமாறு மூன்றாவதும் வைப்பது அனுபவமுள்ள குழுக்களின் வழக்கம்.

திருட்டு நடந்த பிறகு

இழப்பைக் கண்டவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், எதையும் தொடாமல் இருப்பது. காலடித் தடம், சக்கரத் தடம், அறுத்த கம்பி, விட்டுச்சென்ற குப்பை ஆகியவற்றை அளவு தெரியும்படி ஒரு பொருளை அருகில் வைத்துப் படமெடுத்த பின், வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். கேமராவில் படம் பதிவாகியிருந்தால் மூல நினைவட்டையை அழிக்காமல், அதில் புதிதாக எதையும் பதியாமல் எடுத்துவைக்க வேண்டும். முகம் தெரியும் படத்தை உடனே சமூக ஊடகத்தில் வெளியிடுவது, திருடியவரைப் பொருளை அழிக்கத் தூண்டக்கூடும். படத்தில் இருப்பவர் உரிமையோடு வந்த பணியாளராக இருந்துவிட்டால், வெளியிட்டவரே அவதூறு வழக்கைச் சந்திக்க நேரலாம். அந்தப் படம் முதலில் போய்ச்சேர வேண்டிய இடம் விசாரணை அலுவலரின் மேசையே.

புகார் பெறும் அலுவலர் பெரும்பாலும் மாவட்டத்தின் ஷெரிஃப்; மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அவரே ஊர்ப்புறத்தின் முதன்மைக் காவல் அதிகாரி. டெக்சாஸில் இத்தகைய மாவட்டங்கள் 254 உள்ளன. குத்தகைதாரர் வாழும் நகரத்தில் அன்றி, நிலம் அமைந்துள்ள மாவட்டத்தில்தான் புகார் அளிக்க வேண்டும். வனவிலங்குத் துறையின் காவலர்களுக்கும் அங்கு முழுக் காவல் அதிகாரம் உண்டு. பரண் திருடியவர் கள்ள வேட்டையும் ஆடியிருக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் தெரிவிப்பது நல்லது. கள்ள வேட்டை பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு 1,000 டாலர் வரை வெகுமதி அளிக்கும் ‘ஆபரேஷன் கேம் தீஃப்’ என்ற திட்டம் 1981 முதல் அம்மாநிலத்தில் செயல்பட்டுவருகிறது. 1877-இல் கிரஹாம் என்ற ஊரில் கால்நடைத் திருட்டை எதிர்க்கத் தொடங்கப்பட்ட டெக்சாஸ் மற்றும் தென்மேற்குக் கால்நடை வளர்ப்போர் சங்கம், காவல் அதிகாரம் பெற்ற தனி அலுவலர்களை இன்றும் கொண்டிருக்கிறது. கால்நடையோடு பண்ணைக் கருவி, இழுவை வண்டி முதலியவை களவுபோன வழக்குகளையும் அவர்கள் விசாரிப்பதால், நில உரிமையாளர் அச்சங்கத்தின் உறுப்பினரா என்று கேட்டறிவது பயன் தரும்.

புகாரில் வரிசை எண் இருந்தால், காவல் துறை அதை எஃப்பிஐ 1967 முதல் நடத்திவரும் தேசியக் குற்றத் தகவல் மையத்தில் பதிவுசெய்ய முடியும். களவுபோன துப்பாக்கியின் பதிவு, அது மீட்கப்படும்வரை அங்கு நிலைத்திருக்கிறது. பல ஆண்டு கழித்து வேறொரு மாநிலத்தில் அந்தத் துப்பாக்கி பிடிபட்டாலும் உரியவரைக் கண்டறிய அந்த எண் ஒன்றே துணை. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன் உருவான சில நீள்துப்பாக்கிகளில் வரிசை எண்ணே இராது என்பதால், மூதாதையர் வழிவந்த துப்பாக்கி வைத்திருப்போர் அதன் தனி அடையாளங்களைப் படமெடுத்துவைப்பது மிகவும் தேவை. அடகுக் கடைகள் பொருளோடு வருகிறவரின் அடையாளத்தையும் பொருளின் எண்ணையும் பதிவுசெய்யக் கடமைப்பட்டவை. ஆகையால் காவல் துறைக்குக் கிடைக்கும் எண்களோடு அவை ஒத்துப்போகும் வாய்ப்பு உண்டு. இணையச் சந்தையில் தன் பொருளைக் கண்டவர் வாங்குபவர்போல் நடித்துத் தனியே சந்திக்கப் போகாமல், விளம்பரத்தின் படத்தைச் சேமித்துக் காவல் துறையிடம் கொடுக்க வேண்டும்.

காப்பீட்டைப் பற்றிய எதிர்பார்ப்பு அளவாக இருப்பது நல்லது. அமெரிக்க வீட்டுக் காப்பீடு பொதுவாக வீட்டுக்கு வெளியே உள்ள உடைமைகளையும் ஓரளவு காக்கிறது. ஆயினும் பரவலாகப் பயன்படும் படிவத்தில் துப்பாக்கித் திருட்டுக்கான உச்சவரம்பு 2,500 டாலர் மட்டுமே. சாலையல்லாத தடத்தில் ஓடும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் தனிக் காப்பீடு தேவை. ஒவ்வோர் இழப்பிலும் காப்பீடு எடுத்தவரே ஏற்க வேண்டிய முதல் தொகை ஒன்று உண்டு. இழப்பு அத்தொகைக்குள் அடங்கிவிட்டால் எதுவும் கிடைக்காது. தனிப்பட்ட உடைமை திருடுபோனதை வருமான வரியில் கழித்துக்கொள்ளும் வழியும், 2017-இல் இயற்றப்பட்ட வரிச் சட்டத்தால் 2018 முதல் அடைபட்டுவிட்டது. நில உரிமையாளரும் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டிராவிட்டால் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் அல்லர்.

செய்யக்கூடாதது

பலமுறை இழந்தவரின் மனத்தில் எழும் பழிவாங்கும் எண்ணம் இயல்பானது. அது எவ்வளவு ஆபத்தானது என்பதை ஐயோவா மாநிலத்தின் புகழ்பெற்ற வழக்கொன்று காட்டுகிறது. ஆளில்லாத பண்ணை வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் பலர் புகுந்து பொருள்களை எடுத்துச்சென்றதால் வெறுப்புற்ற தம்பதியர், 1967-இல் ஓர் அறைக்கதவைத் திறந்தால் தானே வெடிக்குமாறு துப்பாக்கி ஒன்றைப் பொருத்தினர். பழைய புட்டிகளையும் சாடிகளையும் எடுக்கப் புகுந்த ஒருவரின் கால் அதில் சிதைந்தது. கட்கோ எதிர் பிரைனி என்று அறியப்படும் அவ்வழக்கில், காயமுற்றவர் அத்துமீறித் திருட வந்தவர் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தும், அவருக்கு இழப்பீடாக 20,000 டாலரும் தண்டத்தொகையாக 10,000 டாலரும் அளிக்கும் தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் 1971-இல் உறுதிசெய்தது. மனித உயிருக்கும் உடலுக்கும் உள்ள மதிப்பு உடைமையின் மதிப்பைவிட உயர்ந்தது என்பதே அதன் அடிப்படை. அத்தொகையைச் செலுத்த, தம் 120 ஏக்கர் நிலத்தில் 80 ஏக்கரை அத்தம்பதியர் இழக்க நேர்ந்தது.

உடைமையைக் காக்க வலிமையைப் பயன்படுத்துவதற்கு மற்ற மாநிலங்களைவிட அதிக இடம் தரும் டெக்சாஸ் சட்டமும், உயிரிழப்பையோ கடும் காயத்தையோ விளைவிக்கும் பொறிகளை அனுமதிப்பதில்லை. ஆளைப் பார்த்து நிதானிக்கப் பொறிக்குத் தெரியாது. வழிதவறிய குழந்தையும், தீயணைக்க வந்தவரும், மாட்டைத் தேடிவந்த அண்டை நிலத்தாரும் அதற்கு ஒன்றே. பயிரைக் காக்கவென்று தமிழ்நாட்டில் சட்டவிரோதமாகப் போடப்படும் மின்வேலிகளில் யானைகளும் மனிதர்களும் மாண்டுபோகும் அவலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நேரில் மோதுவதும் இதைப் போன்றே ஆபத்தானது. வேட்டைப் பருவத்தில் எதிர்ப்படுகிறவரின் கையிலும் துப்பாக்கி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். வண்டியின் எண்ணையும் நிறத்தையும் சென்ற திசையையும் குறித்துக்கொண்டு விலகி நின்று அழைப்பவரே வழக்கை வெல்லத் துணைபுரிகிறார்.

பொறுப்பு யாருடையது

ஒரு மாவட்டத்தின் சில காவலர்களால் ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டைக் கண்காணிக்க முடியாது. அதைச் செய்யக்கூடியவர்கள் அங்கேயே வாழ்கிறவர்கள்: நில உரிமையாளரும், மாடு மேய்ப்பவரும், பக்கத்து நிலத்தாரும். தொலைவிலிருந்து வரும் குத்தகைதாரர் இவர்களைத் தேடிச்சென்று அறிமுகமாகி, தம் வண்டிகளின் விவரத்தையும் தொடர்பு எண்ணையும் கொடுத்துவைத்தால், அறியாத வண்டி ஒன்று உள்ளே நுழையும்போது அதைக் கவனிக்கும் கண்கள் உண்டாகும். நிலத்தில் கிடக்கும் குப்பையை அகற்றுவது, சாய்ந்த வேலியை நிமிர்த்துவது, திறந்திருக்கும் வாயிலை மூடுவது முதலிய சிறு உதவிகளால் அந்த உறவு வலுப்பெறுகிறது. குழுவுக்குள்ளேயே ஒருவர் மற்றவர் பரணைக் கேளாமல் பயன்படுத்துவதும் மின்கலத்தை எடுத்துக்கொள்வதும் திருட்டின் தொடக்கநிலைகளே என்பதை உணர்ந்து, குழுவின் விதிகள் அவற்றை வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டும்.

குத்தகை நிலத்தில் உடைமையைக் காப்பது திருட்டுக்குப் பின் தொடங்கும் வேலை அன்று. எழுதிய ஒப்பந்தம், குறித்துவைத்த வரிசை எண், தீட்டிய எல்லைக்கோடு, அறிமுகமான அண்டை வீட்டார் ஆகிய நான்கும் திருட்டுக்கு முன்பே இருந்தாக வேண்டியவை. இவை இருக்கும் இடத்தில் சட்டத்துக்குப் பிடிமானம் கிடைக்கிறது. இல்லாத இடத்தில் கோபம் மட்டுமே எஞ்சுகிறது. வயல்வெளியில் மோட்டாரையும் மின்கம்பியையும் விட்டுவைத்து அவை களவுபோகும் தமிழ்நாட்டு உழவருக்கும் இது பொருந்தும்: இன்றே பொருளின் எண்ணை ஒரு தாளில் எழுதி, ரசீதோடு வீட்டில் வைக்க வேண்டும், இழப்பு சிறிதானாலும் காவல் நிலையத்தில் புகாரைப் பதிவுசெய்தே தீர வேண்டும்.